ஒத்திவைக்கப்பட்ட நன்றியுரை

1974 நவம்பர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, ஸ்கார்பெக் மாதர் சங்கத்தில் முக்கால் மணி நேரம் பேச வந்த வில்ஃப் சக்டன் ஏழு வருடம் பேச்சை நிறுத்தவில்லை. அந்த வருடம் நிலக்கரி விலை ஏறியது, மேல்பண்ணைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது, வில்ஃபின் வாய் மூடவில்லை. ஊர்க் குறிப்பில் மூன்றும் இதே வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வில்ஃப் யார்க்‌ஷயரின் எங்கள் பள்ளத்தாக்கில் முப்பது வருடம் பால் லாரி ஓட்டியவர். பண்ணைக்குப் பண்ணை நிறுத்திப் பால் கேன்களை ஏற்றும்போது அங்கே நடந்த பேச்சையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தவர். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து எங்களை மறக்கவைத்த வட்டாரச் சொற்களை வைத்தே கவிதை கட்டுவார். ஓய்வு பெற்ற பிறகு, மாதர் சங்கமோ தேவாலயக் குழுவோ முதியோர் மன்றமோ, எது கூப்பிட்டாலும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூலி ஒரு பாட்டில் ஜாமும் இரண்டு துண்டு இஞ்சிக் கேக்கும். தங்கள் வீட்டுப் பேச்சை மேடையில் கேட்கும்போது ஜனங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அது வேறு எதிலும் வராது. அதில் வில்ஃபுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று அவர் கடைசியாகப் படித்தது ஆட்டுக் கவிதை. 1947 பனிக்காலத்தில் டாமி என்ற குடியானவன் ஒரு பெட்டை ஆட்டைக் கட்டிலில் ஏற்றிப் போர்வைக்குள் படுக்கவைத்த கதை. ‘நடுவுல ஆடு, அந்தாண்ட பொண்டாட்டி, இருட்டுல கத்துறது எதுன்னு தெரியலியே’ என்ற வரி வந்ததும் நாற்பது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாமி என்று பெயரை மாற்றி என்ன பிரயோசனம்? அது ஜான்ட்டி ஆல்டர்சன் என்று கூடத்தில் இருந்த பூனைக்குக்கூடத் தெரியும். ஜான்ட்டியின் மகள் மார்த்தா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சங்கத்தின் வழக்கம் ஒன்று உண்டு. ஜனவரியிலேயே வருட நிகழ்ச்சி அட்டை அச்சாகிவிடும். எந்த மாதம் யார் பேச்சாளர், தேநீர் யார் பொறுப்பு, நன்றியுரை யார் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் பெயர் இல்லாதவர் நன்றி சொல்ல எழுந்தால், அடுத்தவர் வீட்டு அடுப்பில் கரண்டி விட்ட மாதிரி. நவம்பர் மாதத்து நன்றியுரைக்கு மார்த்தாவின் பெயர் அச்சாகியிருந்தது. கைதட்டல் அடங்கியதும் மார்த்தா எழுந்தார், கோட்டை மாட்டினார், தொப்பியைச் சரிசெய்தார், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வேறு ஊராக இருந்தால் யாராவது எழுந்து இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருப்பார்கள். எங்கள் ஊருக்கு அந்தப் புத்தி கிடையாது. தலைவி திருமதி பிக்கர்ஸ்கில் அட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு செயலாளரிடம் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்: ‘நன்றியுரை ஒத்திவைக்கப்பட்டது.’ நன்றியுரை முடியாமல் பேச்சு எப்படி முடியும்? வில்ஃப் நோட்டை மூடினார். வாய் மட்டும் அடுத்த கவிதைக்குப் போய்விட்டது.

தேநீர் குடித்துக்கொண்டே கவிதை சொன்னார், பஸ்ஸில் சொன்னார், வீட்டுக்குப் போய்த் தூக்கத்திலும் சொன்னார். டாக்டர் அரை மணி நேரம் கேட்டு, இரண்டு இடத்தில் சிரித்து, தொண்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வில்ஃபுக்குத் தன் வார்த்தையாக ஒன்றுகூட வரவில்லை, பேனாவை எடுத்தாலும் கவிதைதான் வந்தது. உப்பு வேண்டும் என்றால் உப்பு வரும் கவிதை ஏதாவது நினைவுக்கு வரவேண்டும். கால்களும் வீட்டில் தரிக்கவில்லை. வேறு சங்கத்து நன்றியுரையாவது பலிக்காதா என்று பள்ளத்தாக்கு முழுக்க நடந்தார். முப்பத்தொரு சங்கங்கள் அவருக்கு நன்றி சொல்லின, ஒரு சங்கம் இரண்டு தடவை சொன்னது. எதுவும் ஒட்டவில்லை, ஏனென்றால் அதெல்லாம் அந்தந்தப் பேச்சுக்கான நன்றி, ஸ்கார்பெக் பேச்சுக்கு அல்ல. மழையில் நடப்பார், வேலியோரம் நின்று மாடுகளுக்குச் சொல்வார், சாவு வீடுகளில் தெருவிலேயே நின்றுகொள்வார். முதல் வருடம் சிரித்தவர்கள் மூன்றாவது வருடம் அவர் வருவதைக் கண்டால் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

மார்த்தாவிடமும் போனார். வாரத்துக்கு இரண்டு முறை அவர் வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பார். வருவது ஆட்டுக் கவிதைதான். மார்த்தா ஜன்னலைச் சாத்திவிடுவார்.

ஐந்தாவது வருடம் வில்ஃபின் மனைவி நெல்லியின் அக்கா இறந்துபோனாள். கல்லறையிலிருந்து திரும்பி வந்து நெல்லி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதபோது, வில்ஃப் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொல்ல முயன்றார். ‘நடுவுல ஆடு, அந்தாண்ட பொண்டாட்டி’ என்று வந்தது. கண்ணீர் வழிய வழியக் கவிதையை முழுவதும் சொல்லி முடித்தார். நெல்லி அவரை ஒன்றும் திட்டவில்லை. இரண்டு வருடம் அதை மனதிலேயே வைத்திருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏப்ரனோடே கிளம்பி மார்த்தா வீட்டுக்குப் போனாள்.

“உன் கால்ல விழணும்னாலும் விழறேன் மார்த்தா. ஒரு வார்த்தை நன்றி சொல்லி அந்த மனுசன விட்டுரு.”

“உங்க வீட்டுக்காரர் வாய்க்குப் பூட்டுப் போட நான் என்ன கொல்லனா அக்கா?”

“பூட்டும் உங்கிட்ட, சாவியும் உங்கிட்டதான இருக்கு. நாப்பது வருசம் கூட வாழ்ந்தவ. ‘டீ ஆறிப்போச்சு’ன்னு அவரு ஒரு தடவ என்னத் திட்டினாப் போதும்டி எனக்கு.”

மார்த்தா கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “அவரு சொன்னது பொய்யில்ல. ஆடு கட்டில்ல படுத்துச்சு, நெசந்தான். ஆனா பாதியில நிறுத்திட்டாரு. லாரிய நிறுத்தி மீதியக் கேக்க அவருக்கு நேரமில்ல.”

“மீதி என்ன?”

“உங்களுக்கு மட்டும் சொன்னா ஆச்சா? சிரிச்ச நாப்பது பேரும் கேக்கட்டும். அட்டையில என் பேரப் பேச்சாளர்னு போடச் சொல்லுங்க. எனக்கு நன்றி சொல்ல உங்க வீட்டுக்காரர் பேரப் போடச் சொல்லுங்க. அப்ப வரேன்.”

சங்கத்தில் இது பெரிய ரகளையாகிவிட்டது. பேச்சாளர் என்றால் வெளியூரிலிருந்து வரவேண்டும். உள்ளூர்க்காரியிடம் கேட்க என்ன இருக்கிறது? நன்றியுரைக்கு ஓர் ஆம்பளையின் பெயர் அட்டையில் எப்படி அச்சாகும்? அட்டைதான் ஜனவரியிலேயே அச்சாகிவிட்டதே! ஆறு வாரம் சண்டை போட்டார்கள், இருவர் ராஜினாமா செய்து திரும்பி வந்தார்கள். கடைசியில் நெல்லி நாற்பது அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போய், நவம்பர் வரியைப் பேனாவால் அடித்துத் தன் கையாலேயே திருத்திக்கொண்டு வந்தாள். எழுதியது எழுதியதுதான் என்று திருமதி பிக்கர்ஸ்கில் ஒத்துக்கொண்டார்.

1981 நவம்பர் இரண்டாவது வியாழக்கிழமை, முதல் விஷயமாக ஒத்திவைக்கப்பட்டவை எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்வரிசையில் வில்ஃப் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்த்தா எழுந்து, “ஏழு வருசத்துக்கு முன்னாடி திரு. சக்டன் வந்து பேசினதுக்குச் சங்கத்தோட நன்றி. நல்லாச் சத்தமாப் பேசினாரு” என்றார். ஒரு வரியின் நடுவில் வில்ஃபின் வாய் நின்றது. தேநீர்க் கொதிகலனில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், பிறகு நெல்லியின் பக்கம் திரும்பினார்.

“உங்க அக்கா நல்ல மனுசி நெல்லி. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்.”

நெல்லி கைக்குட்டையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள், தன் முகத்தைத் துடைக்க மறந்துவிட்டாள்.

பிறகு மார்த்தா பேசினார். ஆறு வாரப் பனி. தோண்டி எடுத்தபோது நூற்று நாற்பத்து மூன்று ஆடுகள் கல்சுவரோரம் நின்றபடியே செத்திருந்தன. ஒன்றே ஒன்றில் மூச்சு இருந்தது. கட்டிலை ஒழித்துக் கொடுத்ததே அம்மாதான். ஒருபக்கம் அப்பாவும் மறுபக்கம் அம்மாவும் பதினைந்து வயது மார்த்தாவும் ஒட்டிப் படுத்து அதற்குச் சூடு கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ஆட்டை எண்ண யான், டான், டெதரா என்று தனி எண்கள் உண்டு. இருபது ஆனதும் ஒரு கூழாங்கல்லைக் கை மாற்றிக்கொள்வோம். மூன்று இரவும் ஜான்ட்டி இருட்டில் செத்த ஆடுகளை ஒவ்வொன்றாக, இன்னதற்கு இன்ன கொம்பு, இன்ன நடை என்று சொல்லிச் சொல்லி எண்ணினார், ஏழு கல் மாற்றி மேலே மூன்று. “அந்த ஆடு பொழச்சிருச்சு” என்றார் மார்த்தா. “அதான் அப்பாவால தாங்க முடியல. வசந்தத்துல அத வித்துட்டு கல்குவாரிக்கு வேலைக்குப் போனாரு. அப்புறம் அவரு எதையும் எண்ணி நான் பாக்கல. பாட்டு வேடிக்கையாத்தான் இருந்துச்சு. நானே கொஞ்சம் சிரிச்சேன். அதுக்குத்தான் எந்திரிச்சுப் போனேன்.”

மார்த்தா பையிலிருந்து ஏழு கூழாங்கற்களை எடுத்து மேஜையில் வைத்து, “யான்” என்று தொடங்கி முதல் ஆட்டைப் பற்றிச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனதும் தலைவி வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் அதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே நன்றியுரையை எழுதி வைத்திருந்தார், ஏழு வருடத்தில் அவருடைய முதல் உரைநடை. காகிதத்தோடு பாதி எழுந்தார்.

“உக்காருங்க” என்றார் மார்த்தா. “இன்னும் எண்ணி முடிக்கல.”

வில்ஃப் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலாளர் பேனாவை எடுத்து, ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினார்.

ஒன்பது வருடமாக மார்த்தா பேசிக்கொண்டிருக்கிறார். முட்டை வாங்கப் போகிறவர்கள் ஓர் ஆடு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் டஜன் விலை கேட்பார்கள். வில்ஃப் இப்போது கவிதை எழுதுவதில்லை, டீ ஆறிப்போனால் நெல்லியைத் திட்டுகிறார். ஒவ்வொரு நவம்பரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, முக்கால் மணி ஆனதும் காகிதத்தோடு பாதி எழுந்து மார்த்தாவின் முகத்தைப் பார்க்கிறார். மார்த்தா இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினால் உட்கார்ந்துவிடுகிறார். போன வியாழக்கிழமை நூற்றுப் பதினேழாவது ஆடு. அதற்கு இடது காது கிழிந்திருக்குமாம், யார் கூப்பிட்டாலும் வராதாம், ஜான்ட்டி கூப்பிட்டால் மட்டும் வருமாம்.