தகுமியின் ஷூ எந்தப் பக்கம் பார்த்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது முழுக்க என் சரக்கு இல்லை. பதினாறு வருடமாக குஷிரோ என்ற ஜப்பானியத் துறைமுக ஊரில் இருக்கிறேன். இங்கே ஒரு மாணவர் கண்காட்சியில் மனதில் நின்றது ஒரே ஒரு புகைப்படம். மூடுபனி, பேருந்து நிறுத்தம், பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ. ஷூ கணினியில் ஒட்டியது என்று கீழே எழுதியிருந்தது. மற்றதெல்லாம் நான் ஒட்டியது. ஒட்டு தெரிந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'அன்று கடல் அமைதியாக…'

வேண்டாம். அமைதியாக இருந்ததா என்று நானா போய்ப் பார்த்தேன்?

இன்னொன்று: ஒரே பொருளை ஐந்து புகைப்படங்களில், அங்கேயே இருந்ததுபோலச் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். மிஸுஹோ என்ற மாணவிக்குப் புகைப்பட வகுப்பில் கொடுத்த வேலை இது. அவள் அண்ணன் தகுமியின் ஷூவைத் தேர்ந்தெடுத்தாள். தகுமி நான்கு வருடம் முன்பு மீன்பிடிப் படகில் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுப் போனதால் ஷூ மட்டும் வீட்டு வாசலில் தங்கிவிட்டது. அம்மா கினுயோ அதை யாரையும் தொட விடமாட்டாள். மிஸுஹோவும் தொடவில்லை, கிடந்தபடியே படமெடுத்தாள்.

(இங்கே கவாசே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ரொம்ப நல்லவராகவே பேசிக்கொண்டிருந்தார். தூக்கிவிட்டேன்.)

3

கினுயோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஷூ ஒட்டிய ஐந்து படங்களையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் ஷூ மாதிரி இல்லடி."

"என்னம்மா நீ? லேஸ்ல அந்த முடிச்சுகூட இருக்கு பாரு."

"அவன் என்னிக்குடி இப்படி நேரா திருப்பி வெச்சிருக்கான்?"

இங்கே வீட்டுக்குள் வருகிறவர்கள் ஷூவைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி, குதிகாலை உள்ளே ஏறும் படியோடு ஒட்டி வைப்பார்கள். தகுமி ஒருநாளும் செய்ததில்லை. உதறிவிட்டு நேரே சோற்றுக்குப் போவான். "வீடா, மாட்டுக் கொட்டகையா?" என்று கத்திக்கொண்டே கினுயோதான் திருப்பி வைப்பாள்.

"கடைசியாவும் நான்தான் திருப்பி வெச்சேன். போடா வெளியேன்னு வாசலைக் காட்டுன மாதிரி."

மிஸுஹோ படங்களை வாங்கிக்கொண்டாள். "அழாதம்மா. கம்ப்யூட்டர்லயே திருப்பிடறேன்."

எப்படித் திருப்புவாள்? குதிகால் படியோடு ஒட்டிக் கிடக்கிறது, எந்தப் படத்திலும் விழவில்லை. இல்லாததைத் திருப்ப முடியாது. ஷூவைக் கையில் எடுத்தே ஆகவேண்டும்.

4

முடிவு ஒன்று: அம்மா மறுத்துவிடுகிறாள், மகள் ஐந்தையும் அப்படியே கொடுத்துவிடுகிறாள். சப்பென்று இருக்கிறது.

முடிவு இரண்டு: அம்மா கடைக்குப் போன நேரத்தில் மிஸுஹோ திருட்டுத்தனமாக… சே, அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை.

மூன்று: கினுயோ தானே முழந்தாளிட்டு ஷூவை எடுக்கிறாள். தரையில் தூசி படியாத இரண்டு தடம்.

"உள்ளே பார்க்க வைம்மா. வந்துட்டான்னு இருக்கட்டும்."

"வந்துட்டான்னா, அப்புறம் நான் யாருக்குடி காத்திருக்கிறது?"

மிஸுஹோ கேமராவை இறக்கிவிட்டாள்.

5

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. கண்காட்சிப் படத்தில் ஷூ எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்பீர்கள். தெரியும், சொல்ல மாட்டேன். நான் சொன்னால் உங்களுக்கு வேலை மிச்சம், கினுயோவுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஷூ இன்னும் கினுயோவின் கையில்தான் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், எப்படி வைக்கட்டும்?