பூக்களைச் சுற்றி எண்ணெய்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கடலோர ஊரான பெர்மாஸ் ஜெயாவில் படகு வைத்திருக்கும் சுகுமாறன் ஒரு சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க எழுதுறவராச்சே சார், இத எப்படி முடிக்கிறதுன்னு சொல்லுங்க" என்றார். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதிப் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: கடல் அன்று எண்ணெய் தடவிய கண்ணாடியைப் போல

[அடித்துவிட்டேன். இங்கே எண்ணெய்தான் வினையே. அதை உவமையாக்க மனம் வரவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: வீரமுத்து இறந்தபோது, அவர் தம் மனைவி யோகேஸ்வரியிடம் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

[இது இருக்கட்டும்.]

2

மகன் ஒரு சீனப் பெண்ணைக் கட்டினான். வீரமுத்து அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. யோகேஸ்வரி போனார். அவ்வளவுதான் குற்றம். அதற்குப் பிறகு தெப்ராவில் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்த மனிதர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

சாம்பலைக் கடலில் கரைக்கச் சுகுமாறனின் படகில் போனார்கள். மகன் பானையைக் கவிழ்த்தான். யோகேஸ்வரி பூவைப் போட்டார். சற்று நேரத்தில் பூக்களைச் சுற்றி எண்ணெய் படர்ந்தது. பல நிறமாக மினுமினுத்தபடி அவற்றை வளைத்துக்கொண்டது. யோகேஸ்வரிதான் மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் கோவம் ஆறல அவருக்கு. நான் போட்ட பூவ வாங்க மாட்டேங்கிறாரு."

[சுகுமாறன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு இங்கேதான் சந்தேகம். அது தன் படகின் எண்ணெய் என்று அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? கேட்டேன். "தோணுச்சு சார். ஆனா மீனுக்குப் போறப்ப ஒரு சொட்டு ஒழுகாதே" என்றார். நம்பித் தொலைக்கிறேன்.]

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் யோகேஸ்வரி படகுத்துறைக்கு வந்து ஒரு பிடி பூவைத் தண்ணீரில் போடுகிறார். எண்ணெய் படாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். படகுத்துறைத் தண்ணீரில் எண்ணெய் இல்லாத நாள் ஏது? ஒவ்வொரு வாரமும் தலையைக் குனிந்தபடி பஸ் ஏறப் போகிறார். இதை எழுதும்போது எனக்கு வீரமுத்துவின்மேல் கோபம் வருகிறது. செத்தவரிடம் சண்டை போடவும் முடியாது.

3

கொஞ்சம் இயந்திரம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும். பின்பக்கம் ஒரு கால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காலுக்குள் கியர், அதன் அடியில் படகைத் தள்ளும் விசிறி. கியருக்கான எண்ணெய் படகுக்குள் ஒரு போத்தலில் இருந்து ரப்பர் குழாய் வழியாகக் காலுக்குப் போகும். போத்தலில் எண்ணெய் அவ்வப்போது குறைந்தது. சுகுமாறன் ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் கபீரைக் கூப்பிட்டார்.

கபீர் காலைத் தனியே கழற்றி, உள்ளே காற்றடித்து, வெளியே சவர்க்கார நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விசிறித் தண்டில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் வளையத்தை மாற்றி, காலைத் திரும்பப் பூட்டினார். மீனுக்குப் போய் வந்தார்கள். சுத்தம். அடுத்து வேறொரு வீட்டுச் சாம்பலோடு போனார்கள். மறுபடியும் எண்ணெய்.

[சாவுக்கு மட்டும் ஒழுகும் படகு அது, என்று ஒரு வரி எழுதினேன். பேய்க்கதை ஆகிவிடும்போல இருந்ததால் அதையும் அடித்துவிட்டேன்.]

கபீர் பேய்க்கதை கேட்கிற ஆள் இல்லை. படகைக் கரையில் ஏற்றி வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"அண்ணே, சாம்பல் போடுற எடத்துல என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன செய்யப் போறேன் பாய். இன்ஜின நிறுத்துவேன். செருப்பக் கழட்டுவேன். கால மேல தூக்கிருவேன்."

"அத ஏன் தூக்குறீங்க?"

"மனுசன் சாம்பல் எறங்குற தண்ணியில விசிறி கெடக்கலாமா? மீனுக்குன்னா தூக்க மாட்டேன் லா."

கபீர் காலைத் தூக்கும் பொத்தானை அழுத்தினார். கால் முழுக்க மேலே வந்ததும் பின்னால் அந்த ரப்பர் குழாய் இழுபட்டது. மடிப்பில் ஒரு வெடிப்பு வாய் திறந்து எண்ணெய் சொட்டியது. காலை இறக்கினார். வெடிப்பு மூடிக்கொண்டது. காலைக் கழற்றிச் சோதித்தபோது குழாய் படகோடு தங்கிவிட்டதால் அது அகப்படவே இல்லை.

"அலமாக், என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று சுகுமாறன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெயைப் பற்றி அவர் நினைக்கவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் பூவோடு வந்து நிற்கும் யோகேஸ்வரியை நினைத்தார்.

"நல்லதுன்னுதானே செஞ்சீங்க, அண்ணே" என்றார் கபீர்.

4

முடிவு அ: சுகுமாறன் உண்மையைச் சொல்கிறார். யோகேஸ்வரியின் மனப்பாரம் இறங்குகிறது. அழுகிறார், சிரிக்கிறார், மகன் வீட்டுக்குப் போகிறார். [இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.]

முடிவு ஆ: சொல்லாமல் குழாயை மட்டும் மாற்றிவிடுகிறார். [பிழைக்கத் தெரிந்தவர்களுக்கான முடிவு. சுகுமாறன் அப்படிப்பட்டவர் இல்லை.]

நடந்தது வேறு. சென்ற வெள்ளிக்கிழமை அவர் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு யோகேஸ்வரியின் முன்னால் போய் நின்றார். வளைத்து வெடிப்பைக் காட்டினார்.

"மன்னிச்சிருங்கக்கா. அது அண்ணனோட கோவம் இல்ல. என் படகு எண்ணெய்."

யோகேஸ்வரி குழாயை வாங்கித் தாமே வளைத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி வளைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப, அவரு ஒண்ணுமே சொல்லலையா?"

சுகுமாறன் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து வந்து, இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் என்றாலும் அது அந்தம்மாவிடம் புருஷன் பேசிய பேச்சாக இருந்தது. அதையும் நாம் பிடுங்கிக்கொண்டோம்.

நாளை வெள்ளி. நான் எழுதிய பதில்களையெல்லாம் அடித்துவிட்டேன். இனி உங்கள் பாடு, கீழே உள்ள வரியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அந்தம்மா எதிரிலேயே நிற்கிறார், கையில் பூ இருக்கிறது.

சுகுமாறன் சொன்னார்: "அக்கா,