கடைசி ஆள் சொல்ல வேண்டிய சொல்

எங்கள் சிறை முகாமுக்குச் சுவர் கிடையாது. ஓடினால் மறுபடி கம்பிக்குள் என்பதால் யாரும் ஓடுவதில்லை. காலையில் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு, ஆரஞ்சுச் சட்டையோடு வண்டியேறி, கலிபோர்னியாவில் எந்த மலை எரிகிறதோ அங்கே தீயணைக்கப் போவோம். திருடனும் அடிதடிக்காரனும் ஊரைக் காப்பாற்றப் போவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

வேலையில் வரிசை முக்கியம். முன்னால் போகிறவன் ரம்பத்தால் மரத்தை அறுப்பான். அடுத்தவர்கள் வேரை வெட்டுவார்கள், பின்னால் வருகிற நாங்கள் சருகைச் சுரண்டித் தள்ளுவோம். எரிய ஒன்றுமில்லாத வெறும் மண்பாதை மலைமேல் நீளும். கடைசி ஆள் கையுறையைக் கழற்றி, மண்ணைத் தடவிப் பார்த்து, "சுத்தம்" என்பான். அந்தச் சொல் வாய் வாயாக முன்னே போகும். அப்புறம்தான் எங்கள் குழுவின் கேப்டன் பாதைக்கு அந்தப்புறம் தீ வைப்பார். பெருந்தீ வந்து சேருவதற்குள் அதன் தீனியை நாமே எரித்துவிட வேண்டும். கடைசி ஆளைத் தவிர வேறு யாரும் அந்தச் சொல்லைத் தொடங்கக் கூடாது.

அன்று கடைசி ஆள் கோர்டெல். அவனுக்கு முன்னால் நான். எங்கள் முதுகுக்குப் பின்னே, சரிவின் கீழே, ஒரு சின்ன ஊர். மதியத்திலேயே வானம் செங்கல் நிறமாகிவிட்டது. கோர்டெல் தடவிய மண்ணையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான்.

"டேய், மண்ணுக்கு மசாஜ் பண்றியா? சொல்லித் தொலைடா!" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் சுரண்டணும், எஸ்பினோ."

"இதுக்கு மேல சுரண்டினா சீனாதான் வரும்!"

அவன் சிரிக்கவில்லை. சரிவின் கீழே கை காட்டினான். "கீழ பச்சைக் கூரை தெரியுதுல்ல? எங்கம்மா வீடு. வேன்ல ஏறும்போதே சொல்லியிருக்கணும். சொன்னா, சொந்த ஊர்ல வேலை செய்யக் கூடாதுன்னு இறக்கி விட்டுருப்பாங்க."

கேப்டன் ஹஸ்கின்ஸ் வரிசையோரமாக ஓடி வந்தார்.

"என்னப்பா ஆச்சு? காத்து திரும்பிட்டா நம்ம கதை முடிஞ்சது."

கோர்டெல் எல்லாவற்றையும் சொன்னான். இப்போதே அவனை வேனுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மண்டியிட்டு, தன் கையுறையையும் கழற்றி, அவன் கைக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தார்.

"எனக்குச் சுத்தமாத்தான் படுது. ஆனா நான் சொல்ல மாட்டேன். உங்கம்மா வீடுன்னா நீதான் சொல்லணும்."

கோர்டெல் இன்னொரு முறை தடவினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்: "சுத்தம்!"

நான் கத்தினேன். எனக்கு முன்னவன் கத்தினான். அந்தச் சொல் புகைக்குள் ஏறிப் போனது. கேப்டன் தீ வைத்தார்.

முதலில் அது எங்கள் பக்கமே சாய்ந்தது. புருவம் பொசுங்கியது. கோர்டெல் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது மலைக்கு அந்தப்புறமிருந்த பெருந்தீ மூச்சை உள்ளே இழுத்தது. வேறு எப்படிச் சொல்வது? ஊர்ப்பக்கமிருந்து காற்று என் பிடரியைத் தாண்டி ஓடியது. நாங்கள் வைத்த சின்னத் தீ நிமிர்ந்தது, திரும்பியது, மரங்களைவிட உயரமாக எழுந்து, தாயைக் கண்ட பிள்ளைபோலப் பெருந்தீயை நோக்கி ஓடியது. இரண்டும் மோதிய சத்தம் என் விலா எலும்பில் கேட்டது. கடவுளே என்றேன். அவரும் நானும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த மலைக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவன் என்று தெரிந்தது. அது வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

பிறகு எரிய ஒன்றுமில்லாமல் இரண்டும் அடங்கின. பாதையைத் தாண்டி ஒரு பொறிகூட வரவில்லை.

மறுநாள் வேன் அந்த ஊர் வழியாகத்தான் திரும்பியது. பொதுஜனங்களோடு பேசக் கூடாது என்பது சட்டம். பச்சைக் கூரை வீட்டருகே கேப்டன் வேகத்தைக் குறைத்தார். வாசலில் ஒரு பெண்மணி குழாயால் கூரையை நனைத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுச் சட்டைகளைக் கண்டதும் குழாயைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். கோர்டெல் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டான்.

"டேய், எந்திரிடா! அம்மாடா!"

"நான் தீயணைக்கப் போறது அவளுக்குத் தெரியக் கூடாது. முகாம் கிச்சன்ல காய் நறுக்குறேன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அவ தூங்கவே மாட்டா. அழுறாளா பாரு."

"சிரிக்கிறாங்கடா," என்றேன், அவனுக்கும் சேர்த்துக் கையை ஆட்டியபடி.