வாயில்லாதவர் எழுதிய கடிதம்

உரக் கம்பெனியின் தருமபுரி கிளையில் அப்துல் சுபானுக்கு ஒன்பது வருடச் சர்வீஸ். அவர் கையில் ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. அவர் குரலையும் யாரும் அதிகம் கேட்டதில்லை. 1986இல், ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசி உரம் விற்கும் ஃபீல்டு ஆபீசர் வேலை காலியானபோது, சேர்ந்து மூன்றே வருடமான அர்ச்சுனனுக்கு அது போனது. டீக்கடைக்குள் நுழைந்தால் மொத்தக் கடையையும் சிரிக்க வைப்பவன் அர்ச்சுனன்.

அந்த வாரம் பார்த்து, 'கலகலப்பானவர்களே முன்னேறுகிறார்கள்' என்று பத்திரிகையில் ஒரு கட்டுரை. எழுதியவர் அரூர் ஆசிரியை சகாயமேரி. முதல் பத்தியிலேயே சுபானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மூளையில்லாத அம்மையாருக்கு' என்று தொடங்கிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். பேரும் ஊருமாக அச்சாகிவிட்டது.

அதைப் படித்த மேனேஜர் குப்புராஜ் அவரை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போனது என்றே நினைத்தார் சுபான்.

"ஏங்க சுபான், இம்புட்டு காரத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? அரூர் பக்கம் இன்னொரு ஆபீசர் போடறோம். நீங்களே போங்க."

அடுத்த வாரம் பத்திரிகை வழியாக ஒரு கார்டு வந்தது. 'ஐயா, எனக்கும் நாலு பேர் முன்னால் பேச்சு வராது. தலைமையாசிரியை பதவி மூன்று முறை கைவிட்டுப் போனது. அந்த வருத்தத்தில்தான் எழுதினேன். எந்த வரி தங்களைப் புண்படுத்தியது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன். சகாயமேரி.'

சுபான் பத்திரிகையைத் தேடி எடுத்து இந்த முறை கடைசிவரை படித்தார். பேசாதவர்களின் உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்றுதான் அந்த அம்மாள் முடித்திருந்தார்.

மனைவி குல்ஷனிடம் கார்டை நீட்டினார். "திட்டினதுக்கு வேல கெடச்சிருக்கு. திட்டினதோ தப்பு. இப்ப நான் என்ன பண்றது?"

"மன்னிப்பு கேளுங்க. வேலைக்கும் போங்க."

"ரெண்டும் ஒண்ணா எப்படி?"

குல்ஷன் பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து வந்து வைத்தாள்.

நடந்தது முழுவதையும், வேலை கிடைத்ததையும் மறைக்காமல் சகாயமேரிக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார். பத்திரிகைக்கும் ஒரு வருத்தக் கடிதம் அனுப்பினார், அது அச்சாகவில்லை. சகாயமேரியிடமிருந்து மட்டும் ஒரே வரியில் பதில் வந்தது: 'புதிய பதவிக்கு என் வாழ்த்துகள்.'

அது குத்தலா, நிஜமா? பத்து தடவை படித்தும் பிடிபடவில்லை. புது வேலையில் சேரத் திங்கட்கிழமை அரூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார். "உரக் கம்பெனியில ஃபைல் பாக்கறேங்க" என்று பழைய வேலையையே சொன்னார் சுபான்.