கார் போகாத சிவப்புப் பாதை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒருத்தி வீடு தேடி வந்து எழுதச் சொன்னாள்.

பெயர் சந்திரவதனா. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை. முப்பத்துநாலு வயதில் ஓடத் தொடங்கி, இந்த 1978 ஆகஸ்டோடு இரண்டு வருடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். (நிற்காமல் என்றால் சனிக்கிழமைகளில். இந்த மாதிரி மிகைப்படுத்தல்களை நீங்கள்தான் பிடித்துக் கேட்க வேண்டும்.)

அவளுடைய கணவர் விக்னராஜா. தொழில் படவரைஞர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மெல்பேர்ணில் தமிழ் அச்சகம் ஏது? நான் எழுதிக் கொடுப்பதை அவர்தான் மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் எழுத்தெழுத்தாகக் கீறுவார். அதை ரோனியோ மெஷினில் மாட்டிச் சுற்றினால் நாற்பது பிரதி வரும். அதுதான் நம்முடைய பத்திரிகை. நீங்கள் இப்போது பார்ப்பது அவருடைய கையெழுத்து.

"நான் சொன்னா அவருக்குக் காது கேக்காது, சிவபாலன் அண்ணை," என்றாள் சந்திரவதனா. "கையால எழுதினா ஏறும். நான் போட்டு வந்த மாதிரி ஒரு கதை எழுதுங்கோ."

எங்கே போய் வந்த மாதிரி? பிரான்சுக்கு.

[மெழுகுத்தாளில் எழுதுபவர் குறிப்பு: எனக்குக் காது நன்றாகக் கேட்கும். — வி.]

2.

அவளோடு வேலை செய்யும் மதலேன் பிரெஞ்சுக்காரி. செப்டம்பரில் மூன்று கிழமை ஊருக்குப் போகிறாள். ஓட்டத்தில் விருப்பமுள்ள பெண்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள், சந்திரவதனாவும் அதில் ஒருத்தி. ஊரைச் சுற்றி ஓடக்கூடிய மூன்று பாதைகளை அவளுடைய தமையன் கலர்ப் பென்சிலால் கீறி அனுப்பியிருக்கிறான். பச்சைப் பாதை எட்டுக் கிலோமீற்றர். தேவாலயத்தடியில் தொடங்கி, திராட்சை வரிசைகளுக்குள்ளால் ஏறி இறங்குவது. நீலம் பதினாலு. சிவப்பு இருபத்திரண்டு. அது தோட்டங்கள் முடிகிற மேட்டில் ஓக் காட்டுக்குள் நுழைந்து, மலை முதுகோடு போய், மறுபக்கச் சரிவில் வேறொரு கிராமத்தின் திராட்சைக்குள் வெளியே வருகிறது. சந்திரவதனாவுக்குச் சிவப்புத்தான் வேண்டும்.

மனைவி ஓடுவதில் விக்னராஜாவுக்கு மறுப்பே கிடையாது. சனிக்கிழமை காலையில் மலையடிவாரத்தில் இருக்கும் த பேசின் என்ற ஊரிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் அவள் ஓடுவாள். இருபது யார் தூரம் பின்னால் இவர் காரை முதல் கியரில் உருட்டிக்கொண்டு வருவார். பின்சீற்றில் சுவெட்டர், பிளாஸ்கில் தேத்தண்ணி, காயத்துக்குப் பிளாஸ்டர். இரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கிளச் தேய்ந்து மாற்றியதுதான் மிச்சம்.

[குறிப்பு: கிளச் இரண்டு தடவை மாற்றினேன். இருபது யார் அல்ல, முப்பது. கிட்டப் போனால் அவவுக்குப் புகை மணக்கும்.]

பிரெஞ்சுக்காரன் கீறிய படத்தை மேசையில் விரித்ததும் விக்னராஜா கேட்ட முதல் கேள்வி: "இதுக்குள்ளால கார் போகுமோ?"

"போகாது. ஒற்றையடிப் பாதை."

"அப்ப நீர் போகேலாது."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. படத்தை ஒழுங்காக மடித்து அவளிடமே கொடுத்துவிட்டாராம். மதலேனுக்கு அவள் அடுத்த வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

3.

எழுதத் தொடங்கிக் கைவிட்டவை:

பிரான்ஸ் தேசத்தின் எழில் கொஞ்சும் மலைச்சாரலில்— (சுற்றுலாக் கையேடு. வேண்டாம்.)

கத்தரீனா என்ற கிரேக்கப் பெண்மணிக்கு ஓட்டம் என்றால் உயிர். அவளுடைய கணவன் காரில்— (பெயரை மாற்றினால் கீறுகிறவருக்குத் தெரியாமல் போய்விடுமா? வேண்டாம்.)

சந்திரவதனா ஓடினாள்.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு மேல் என்ன எழுதுவது? பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான், அடுத்த பஸ்ஸில் வருவேன். ஆகவே ஒரு சனிக்கிழமை அந்தக் காரின் பின்சீற்றில் சுவெட்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

4.

நல்ல குளிர். ரோட்டோரத்தில் பன்னச் செடிகள் நனைந்து கிடந்தன. மரம் ஏற்றிய லொறியொன்று எங்களை முந்தியது. "மனுசி கோவிச்சுக்கொண்டு இறங்கிட்டாளோ?" என்று அந்த டிரைவர் ஆங்கிலத்தில் கத்தினான். விக்னராஜா மரியாதையாகக் கையசைத்தார். அவருடைய கண் மட்டும் முன்னால் ஓடுகிற நீலக் கால்சட்டையை விட்டு அகலவில்லை.

இனி அவளுக்குள் போகிறேன். கதைக்காரனுக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்வார்கள்.

சந்திரவதனாவுக்கு ஏற்றம் பிடிக்கும். ஏறும்போது தொடை எரியும், நெஞ்சு முட்டும், பிறகு ஒரு வளைவில் எல்லாம் இலகுவாகும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பதினைந்து வயதில் விட்ட ஓட்டம் அந்த வளைவில் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதே வளைவில் முதல் கியரின் முனகலும் வந்து சேர்ந்துவிடும். அவள் கூட்டினால் அது கூடும், குறைத்தால் அதுவும் குறையும். தன் காலடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய அன்பு அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்குவதால்தான் வாய் திறக்க முடியவில்லை. வெளியே சொன்னால் நன்றி கெட்டவள் என்றாகிவிடும்.

போன மார்கழியில் ஒரு நாள் வளைவு தாண்டியதும் அவள் ரோட்டை விட்டிறங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. கார் கடந்து போனது, நின்றது, கதவு திறந்தது. "வதனா!" என்று அவர் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவருடைய குரல் உடைந்தது. நாலு நிமிடம்தான் இருக்கும். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் அந்த நாலு நிமிடத்தில் கார் என்ஜின் ஓயவும், தன்னுடைய மூச்சு தனக்கே கேட்டது என்றாள் என்னிடம்.

[குறிப்பு: சப்பாத்து நாடா அவிழ்ந்து போனது என்றுதான் அன்று சொன்னா.]

5.

பிரான்ஸ் பகுதியை மூன்று தடவை எழுதினேன். முதலாவதில் அவள் திராட்சைச் சரிவில் சறுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். இரண்டாவதில் காட்டுக்குள் வழி தவறினாள். மூன்றாவதில் ஒரு காட்டுப்பன்றி வந்தது. (பன்றியை எங்கிருந்து பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.)

மூன்றையும் அவள் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வாசித்தாள்.

"அண்ணை, இது பிழை. மத்தியான வெய்யிலை வடக்கால விட்டிருக்கிறியள்."

"வடக்குத்தானே, பிள்ளை? வெய்யில் வேணுமெண்டு வடக்குப் பாத்த வீடாத் தேடியெல்லோ நாங்கள் வாங்கினனாங்கள்?"

"அது இஞ்ச. அங்க சூரியன் தெற்கால நிக்கும். திராட்சையும் தெற்குப் பாத்த சரிவிலதான். நீங்கள் எழுதின மாதிரி ஓடினா நான் வேற ஊரிலபோய் நிப்பன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் அந்தப் படத்தை மனப்பாடம் செய்திருந்தாள். எந்த மேட்டில் காடு தொடங்கும், எந்தக் கிலோமீற்றரில் நீரூற்று வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பதினொரு வருடமாக மெல்பேர்ண் வெயிலில் உடுப்புக் காயப்போட்ட நான் அவளுக்கு வழி எழுதப் போயிருக்கிறேன்!

"வெய்யிலை விடுங்கோ," என்றாள் பிறகு. "ஏன் ஒவ்வொருக்காலும் என்னை விழுத்துறியள்?"

"கதையெண்டா ஏதாவது நடக்க வேணுமே."

"நான் ஓடுறன். அது காணாதோ?"

6.

காணாது, ஓட்டம் மட்டும் போதாது என்று நினைத்தவன் நான்தான். அன்றிரவு தாள்களைத் திருப்பிப் பார்த்தபோது கோபம் கோபமாக வந்தது, என்மேல்தான். விக்னராஜா முப்பது யார் பின்னால் வருகிறார். நான் அவளுடைய மண்டைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்போது விழுவாள், எப்போது தூக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவுகளும் சரிவரவில்லை. கணவர் மனம் மாறி, "போட்டு வாரும்" என்று சொல்கிற முடிவை எழுதினேன். அது அவருடைய பெருந்தன்மையைப் பற்றிய கதையாகிப் போனது. அவள் திரும்பி வந்து சிரித்துக்கொண்டு நிற்கிற முடிவை எழுதினேன். அவள் கேட்டது இதைத்தான். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்லி நண்பர் ஒருவரை ஏமாற்ற எனக்கு—

சரி. இனி நான் உங்களோடு பேசவில்லை, வாசகரே. மன்னிக்கவும்.

விக்னராஜா, வியாழக்கிழமை மதலேனிடம் அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரிக்கற்றும் எடுத்தாயிற்று. உங்களிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்தாளாம். ஒரு தடவை நீங்கள், "சனிக்கிழமை குளிருமாம், தடிச்ச சுவெட்டர் எடுத்து வைச்சனான்" என்றீர்களாம். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வாள்? இதை இப்படியே எழுதிவிடச் சொன்னது அவள்தான்.

முடிவு என்னிடம் இல்லை. தாளின் கீழ்ப்பாதியை விட்டுவிடுகிறேன். ஊசிப்பேனா உங்கள் கையில் இருக்கிறது.

[குறிப்பு: மெழுகுத்தாள் இந்த இடத்தில் கிழிந்துவிட்டது. திருத்தமை பூசியிருக்கிறேன். எழுத்துக் கலங்கியிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சிவபாலன், அந்தப் படத்தை நானும் பாத்தனான். அவ வேலைக்குப் போன நேரம் அடிமட்டம் வைச்சு அளந்தனான். சிவப்புப் பாதை பதினாறாம் கிலோமீற்றரில ஒரு தார் ரோட்டைக் கடக்குது. அதில ஒரு கார் நிப்பாட்டலாம். அங்க வந்து நிக்கவேணும்போலதான் கிடக்கு. வரமாட்டன்.

வதனா, நீர் இதை வாசிப்பீர் எண்டு தெரியும். எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த ரோட்டைக் கடக்கேக்கை திரும்பிப் பாப்பீரோ, மாட்டீரோ? — வி.]