திருப்பிப் போடுதல்

அலாரத்தை நிறுத்தினேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளியலறையில் தரை இல்லை. கொல்லைக் குழாயில் குளித்தேன்.

மாமனாரும் மேஸ்திரியும் ஒரே நேரத்தில் வந்தார்கள். மேஸ்திரி பெட்டியைப் பிரித்தார்.

என் மனைவி ஒரு டைல்ஸ் கம்பெனியில் வடிவங்கள் வரைந்தாள். எங்கள் குளியலறைக்கென்று அவளே வரைந்து சுடக் கொடுத்திருந்த கற்கள், அவள் இறந்து ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே அச்சு. நான்கு பக்கம். ஒரு பக்கத்தின் நீளம் இன்னொன்றுக்கு இல்லை.

"யாரு சார் வரைஞ்சது? கோணலோ கோணல். இது சேராது. வண்டியில சதுரக் கல் இருக்கு, போட்டுரவா?"

"என் பொண்ணு வரைஞ்சது" என்றார் மாமனார்.

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். அவள் கணக்கு தப்பாகிவிடக் கூடாது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எந்த நாலு பக்க வடிவமும் தரையை இடைவெளி விடாமல் மூடும் என்று சொல்லியிருந்தாள். ஒன்றை நேராக, அடுத்ததைத் திருப்பி. கல்லின் அளவில் அட்டைகள் வெட்டினேன். ஒன்றை வைத்து, அடுத்ததைக் கவிழ்த்து ஒட்டினேன். மூன்றாவதில் இடைவெளி விழுந்தது. வேறு பக்கமாக ஒட்டினேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறியது.

"கவுத்துப் போட்டா பளபளப்பு கீழ போயிடும் சார். கல்லோட முதுகுல நின்னுகிட்டா குளிப்பீங்க?"

மாமனார் எட்டிப் பார்த்தார். "அவ என்ன சொன்னா மாப்ளே?"

"திருப்பிப் போடணும்னு."

"வண்டியத் திருப்புன்னா கவுத்துடுவீங்களா?"

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். அட்டையைக் கவிழ்க்காமல், தரையிலேயே அரைச்சுற்று சுற்றி, அதே பக்கத்தோடு அதே பக்கத்தைச் சேர்த்தேன். ஒட்டியது. மற்றப் பக்கங்களிலும் அப்படியே ஒட்டியது. ஒரு புள்ளியில் நாலு தினுசு மூலைகள் கூடிச் சுற்றை மூடின. அடுத்த புள்ளியிலும் அதே நாலு. சுவர் இருப்பதால் நிற்கும். இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

மாமனார் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தார். "கழுதை, வரைஞ்சிருக்கா பாரு" என்றார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

மேஸ்திரி சிமெண்ட் குழைத்தார். முதல் வரிசை முடிந்ததும் நிமிர்ந்தார்.

"சார், ஒரு சந்தேகம். அஞ்சு பக்கக் கல்லுன்னா இப்படி வருமா?"

அவளிடம் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அப்போது அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வேறு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. கதவு வரை யோசித்தாள்.

"சிலது சேரும், சிலது சேராது. அது பெரிய கதை, வந்து சொல்றேன்."