மிச்சக் குழாய்

அண்ணனின் ரத்தம் ஃப்ரீசரிலிருந்து வந்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எண் சரியா என்று பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், உருகட்டும் என்று ஸ்டாண்டில் வைத்தாள். அவன் போன நாளிலிருந்தே இப்படித்தான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தாள், மறுவாரமே லேபுக்கு வந்துவிட்டாள். மனசு மரத்துப்போயிருந்தது, கை மட்டும் வேலை செய்தது.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயத் துடிப்பைக் கெடுக்கும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவனுடைய டி.என்.ஏ.வில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவன் மகளிடம் அதைத் தேட முடியும். அதுவரை குழந்தை ஓடக் கூடாது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைகள் போக மிஞ்சியது இந்த ஒரு குழாய், அதிலும் அடியில் கொஞ்சம்.

"அக்கா, இத நான் பண்றேனே" என்றான் எழுத்து வரிசையைப் படிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவன். லேபில் அவனுக்கு மெஷின்காரன் என்று பேர்.

"போன வாரம் குழாய்க்கு மூடியே போடாம மெஷின்ல சுத்தவிட்டவன்தானே நீ?"

"அத இன்னும் மறக்கலையா, மிச்சக்கா?"

அந்தப் பேரை வைத்தவன் அவன்தான். மற்றவர்கள் வேண்டாத நீரை அப்போதைக்கப்போதே கழிவு பாட்டிலில் விடுவார்கள். அவள் மட்டும் ஒரு தனிக் குழாயில் விட்டு, எண் எழுதி, சாயங்காலம் வரை வைத்திருப்பாள். தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

செல்களை உடைத்தாள், புரதங்களை நீக்கினாள். தெளிந்த நீரில் அண்ணன் கரைந்திருந்தான். டி.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், நான்கு எழுத்துகளில் ஒன்று. பாஸ்பேட்டுகள் எல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் தண்ணீரோடுதான் சேரும். உப்பு போட்டால் அதன் சோடியம் நடுவில் உட்கார்ந்து சண்டையை ஆற்றும். குளிர்ந்த ஆல்கஹால் தண்ணீரை விலக்கும். பிறகு வேறு வழியில்லாமல் சங்கிலிகள் சுருண்டு வெளியே வரும். நிறைய ரத்தமாக இருந்தால் வெள்ளை நூலாகவே தெரியும். இதில் புகைபோல ஏதோ அசைந்தது. அசைந்ததா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம்.

சங்கிலிகள் அடியில் படியக் குழாயைச் சுழல் இயந்திரத்தில் சுழற்றி, ஆல்கஹாலை எடுத்துவிட்டு, ஒட்டிய உப்பு போக ஒருமுறை கழுவி, மறுபடி சுழலவிட்டாள். மாலை வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் ஒரு ஆக்ஸிஜன் கூடுதல். அதுவே தன் சங்கிலியை வெட்டிவிடும். டி.என்.ஏ.வில் அது இல்லை. அந்த ஒன்று குறைந்ததால்தான் ஆள் போன பிறகும் அவன் எழுத்துகள் காத்திருக்கின்றன. பரீட்சைக்கு வரும் என்று எழுதிக்கொண்ட விஷயம்.

"சாப்பிட்டீங்களா?" என்றான் மெஷின்காரன்.

"ம்" என்றாள். சாப்பிடவில்லை.

இயந்திரம் நின்றது. பிப்பெட்டால் நீரை உறிஞ்சி எடுத்தாள். குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியின் கீலை எப்போதும் வெளிப்பக்கம் வைத்துத்தான் சுழற்றுவார்கள். டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீலுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும். எதிர்ப் பக்கமாக நீரை எடுக்கலாம். கீலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எதிர்ப் பக்கத்திலும் ஒன்றுமில்லை.

சுழற்றும்போது கீல் உள்பக்கம் இருக்கும்படி குழாயைத் திருப்பி வைத்துவிட்டிருக்கிறாள். எதை உறிஞ்சக் கூடாதோ அதையே உறிஞ்சிவிட்டாள்.

"இந்தத் தண்ணிய நான் எதுல விட்டேன்னு பாத்தியா?"

"மிச்சக் குழாய்லதானேக்கா விடுவீங்க?"

"எப்பவும் விடுவேன். இன்னிக்கு விட்டேனான்னு கேக்கறேன்."

கழிவு பாட்டிலில் அன்று வந்த எல்லோருடைய மிச்சமும் கலந்து கிடந்தது. எல்லோருக்கும் அதே நான்கு எழுத்துகள்தான். அங்கே விழுந்திருந்தால் யாருடையது எது என்று ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. குழந்தை ஆயுசு முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள். பயம்கூட வரவில்லை. ஏதோ விலாசத்தைப் படிப்பதுபோல் நினைத்தாள்.

ஸ்டாண்டின் கடைசித் துளையில் ஒரு குழாய் இருந்தது. அவள் கையெழுத்தில் அண்ணனின் எண், பக்கத்தில் 'கழுவியது' என்று. எழுதிய ஞாபகமே இல்லை.

அந்தக் குழாயைச் சுழல் இயந்திரத்தில் வைத்தாள். இந்த முறை கீல் வெளிப்பக்கம்தானா என்று அவள் பார்த்தாள், அவனையும் பார்க்கச் சொன்னாள். சுழன்று நின்றபோது கீலுக்குக் கீழே ஒரு வெண்புள்ளி, கண்ணில் விழும் தூசியளவு. நீரை இன்னொரு மிச்சக் குழாய்க்கு மாற்றினாள். புள்ளியை உலரவிட்டுத் தண்ணீரில் கரைத்தாள். அளந்து பார்த்தவன், "போதும்க்கா" என்றான். பாதியை வேறு குழாயில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தாள்.

அண்ணியைப் போனில் கூப்பிட்டால் குழந்தைதான் எடுத்தது.

"அத்தை, அப்பாவோடது கெடச்சுதா?"

"கெடச்சுது கண்ணு."

"அப்ப ஓடலாமா?"

"இன்னும் இல்ல. அதப் படிக்கணும், அப்புறம் உன்னோடதப் படிக்கணும். நட."

"ரொம்ப வேகமா நடந்தா?"

"அதுக்குப் பேர் என்ன?"

குழந்தை யோசித்தது. "நடக்கறதுதான்" என்றது, கொஞ்சம் நம்பிக்கையில்லாமல்.

சாயங்காலம் மெஷின்காரன் ஸ்டாண்டைத் துடைக்க வந்தான். "மிச்சத்தக் கொட்டிரவா?"

"அதுல ஒண்ணும் இல்ல."

"தெரியும். அதான் கேக்கறேன்."

குழாயை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஆல்கஹாலும் கொஞ்சம் உப்பும். பாடப் புத்தகப்படி வேறு எதுவும் இருக்க வழியில்லை.

"நாளைக்குக் கொட்டிக்கலாம்" என்று சொல்லி, கடைசித் துளையில் கீல் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.